அமைதியான பகுதி: யாருடைய அமைதி?

வேலை கிடைத்து நகரத்துக்கு வரும் நம் பிள்ளைகள் வீடு தேடும்போது ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: "அமைதியான ஏரியா." நகரத்தின் நடுவில் இருக்கும் இரைச்சல் இல்லை, கடைசி பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டியதும் இல்லை. ரயில் நிலையம் நடக்கிற தூரம். மரங்கள் உண்டு, நல்ல பள்ளிக்கூடம் உண்டு, தண்ணீர் தட்டுப்பாடு கிடையாது. தரகர் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார். கொஞ்சம் படித்தவர் என்றால், "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்பார். கேள்வி ஒன்றுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் குடியேறுவதா, வேண்டாமா? நமக்குள்ளேயே இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. "போ, ஆனால் யார் என்று சொல்லிக்கொள்ளாதே" என்பது ஒன்று. "போகாதே, போனால் சேரியை மறந்துவிடுவாய்" என்பது மற்றொன்று. இரண்டையும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கின்றன: அந்தப் பகுதி அவர்களுடையது, நாம் அங்கே விருந்தாளிகள்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. 1930களின் தொடக்கத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாயின் பரேலில் இருந்த தொழிலாளர் குடியிருப்பிலிருந்து தாதரின் 'இந்து காலனி'க்குக் குடிபோனார். பருத்தி ஆலைகள் நிறைந்த தெற்குக்கும் வடக்கே விரிந்துகொண்டிருந்த சால்செட் புறநகர்களுக்கும் நடுவில், திட்டம் போட்டுக் கட்டிய அமைதியான புறநகர் அது. குடியிருந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வர்க்கச் சாதி இந்துக்கள். அந்தப் புறநகர் எப்படி உருவானது, பாபாசாகேப் அங்கே எப்படிப் போனார், எப்படி வாழ்ந்தார் என்ற வரலாற்றைத் தெரிந்துகொண்டால் நம் முடிவை நாம் தெளிவாக எடுக்கலாம்.

பரோடாவில் பதினோரு நாட்கள்

முதலில் 1917ஆம் ஆண்டுக்குப் போவோம். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போகிறார். படிப்பதற்கு உதவித்தொகை கொடுத்த சமஸ்தானம் அது. வேலை தயாராக இருந்தது, வீடுதான் கிடைக்கவில்லை. இந்து விடுதிகளில் சாதி கேட்பார்கள். பார்சி விடுதியோ பார்சிகளுக்கு மட்டும். விடுதிக் காவலாளியோடு பேசி, பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதி அங்கே தங்கினார். வேறு யாருமே தங்காத விடுதி. பழைய சாமான்கள் குவிந்த இருட்டு மாடி. பகலில் அலுவலகம், இரவில் அந்த இருட்டு.

பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் படியேறி வந்தது. மாலைக்குள் காலி செய்யச் சொல்லி மிரட்டிவிட்டுப் போனது. தெரிந்த இந்து நண்பர் ஒருவரிடம் கேட்டார். அம்பேத்கர் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறித்தவ நண்பர் ஒருவர், மனைவியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். மறுப்பைப் புரிந்துகொண்ட அம்பேத்கர், ஒரு பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு ஒரு நகரத்தில் ஓர் அறை இல்லை. தன் வாழ்க்கை நிகழ்ச்சிகளைப் பற்றி அவர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

"போ, ஆனால் சொல்லிக்கொள்ளாதே" என்கிற அறிவுரையை பாபாசாகேபே ஒரு முறை நடைமுறையில் பார்த்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பெயரை மாற்றிக்கொண்டதால் அவருக்குக் கிடைத்தது பதினோரு நாள் கூரை. அந்தப் பதினோரு நாளிலும் நிம்மதி இல்லை. பொய்ப் பெயரில் வாங்கிய வீடு நம் பயத்தின் மேல் நிற்கிற வீடு. எவனோ ஒருவன் வந்து உண்மையைச் சொன்னால் அன்றோடு முடிந்தது.

ஒரே வாரியம், இரண்டு விதமான வீடு

பம்பாயில் அம்பேத்கர் குடும்பம் வாழ்ந்தது பரேலில் உள்ள 'பி.ஐ.டி. சால்' ஒன்றில். 'சால்' என்பது பம்பாய்த் தொழிலாளர் குடியிருப்பு. நீண்ட தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவான குழாயும் கழிப்பறையும். அப்படிப்பட்ட இரண்டு அறைகளில்தான் அந்தக் குடும்பம் இருந்தது. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை தொடங்கியபோதும், 1927இல் மகாத் குளத்துத் தண்ணீரைத் தொட்டபோதும், வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலேறியபோதும் அவருடைய முகவரி சால்தான்.

பி.ஐ.டி. என்றால் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், அதாவது பம்பாய் நகர மேம்பாட்டு வாரியம். இந்த வாரியம் எப்படி வந்தது என்பதில்தான் 'அமைதியான புறநகர்' என்ற கருத்தின் பிறப்பே இருக்கிறது.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள், லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆலைகளும் துறைமுகமும் நின்றுபோகும் நிலை. நோய்க்குக் காரணம் ஏழைகளின் நெரிசலான குடியிருப்புகள்தான் என்று காலனி அரசு முடிவு கட்டியது. 1898இல் ஒரு சட்டத்தின் மூலம் இந்த வாரியம் பிறந்தது. அதற்கு இரண்டு வேலைகள். நகரத்தின் நடுவில் சுகாதாரக் கேடு என்று முத்திரை குத்தப்பட்ட குடியிருப்புகளை இடித்து, காற்று வர அகலமான சாலை போடுவது ஒன்று. நாக்பாடா போன்ற இடங்களில் இடிப்பு தொடங்கியது. வடக்கே இருந்த வயல்களையும் தோப்புகளையும் சதுப்பு நிலத்தையும் கையகப்படுத்தி, மனை பிரித்து, புதிய புறநகர்களை உண்டாக்குவது மற்றொன்று.

1899–1900இல் வகுக்கப்பட்ட தாதர்–மாட்டுங்கா, சயான்–மாட்டுங்கா திட்டங்கள் இப்படி வந்தவை. தாதர்–மாட்டுங்காவில் 85,000 பேர், சயான்–மாட்டுங்காவில் அதே அளவு பேர் என்று கணக்குப் போட்டார்கள். கட்டடத்தின் உயரத்துக்கு விதி, சுற்றிலும் விட வேண்டிய இடத்துக்கு விதி, சாலைக்கு மரம், நடுவில் பூங்கா. இன்று 'நல்ல ஏரியா' என்று நாம் எதையெல்லாம் சொல்கிறோமோ, அதெல்லாம் அப்போது காகிதத்தில் வரையப்பட்டுப் பிறகு தரையில் இறங்கியது.

இடிக்கப்பட்ட அறைகளில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? இடித்த வேகத்தில் கட்டப்படவில்லை. பலர் பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கமாக அடைந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரியம் சால்களைக் கட்டியது. நடுத்தர வர்க்கத்துக்குப் புறநகரில் மனைகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. இரண்டையும் செய்தது ஒரே வாரியம். தொழிலாளிக்கு ஓர் அறையும் பொதுக் கழிப்பறையும். குமாஸ்தாவுக்கும் வக்கீலுக்கும் காற்றோட்டமான வீடும் மரநிழலும். அமைதி இயற்கையாக வந்த ஒன்று கிடையாது தோழர்களே. அது சட்டம் போட்டு, நிலம் எடுத்து, பொதுப் பணத்தில் உருவாக்கப்பட்டு, குறிப்பிட்ட மக்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள்.

காலனிக்குப் பெயர் வைத்தது சாதி

மனைகள் பணத்தின் அடிப்படையில் மட்டும் பிரிபடவில்லை. வாரியத்தில் பொறியாளராக இருந்த மஞ்சேர்ஜி ஜோஷி, பார்சி நடுத்தர வர்க்கத்துக்காக 103 மனைகளை ஒதுக்க வைத்தார். அதுதான் தாதர் பார்சி காலனி. அதற்குப் பக்கத்தில் இந்து காலனி. பம்பாயின் காம்தேவியில் 1915இல் தொடங்கிய சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், இந்தியாவின் முதல் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் என்று சொல்லப்படுவது. பெயரிலேயே சாதி இருக்கிறது. சாரஸ்வதப் பார்ப்பனர்கள் தங்களுக்காக உண்டாக்கியது.

'கூட்டுறவு' என்பது உழைப்பவர்கள் ஒன்றுசேர்ந்து முதலாளியின் பிடியிலிருந்து விடுபடுவதற்கான வழி என்று நாம் படிக்கிறோம். இந்தியாவில் வீடு விஷயத்தில் அதே கூட்டுறவு, அக்ரகாரத்தைப் பதிவுத்துறையில் பதிவு செய்துகொள்ளும் வழியாகவும் பயன்பட்டது. ஊரில் வழக்கத்தின் பெயரால் நடந்த ஒதுக்கல், நகரத்தில் துணைவிதியின் பெயரால் நடந்தது.

பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அகமதாபாத்தில் உள்ள பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்று, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று துணைவிதி வைத்திருந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தத் துணைவிதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. பார்சிகள் எண்ணிக்கையில் சிறிய சமூகம்; அவர்களுடைய கவலை வேறு. ஆனால் அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்கிறது அரசமைப்பின் 15ஆம் பிரிவு. அந்தப் பட்டியலில் வீடு இல்லை.

மாட்டுங்கா தமிழரும் தாராவி தமிழரும்

இந்த வரலாற்றில் தமிழர்களுக்கும் இடம் உண்டு, இரண்டு விதமாக.

முதல் உலகப் போருக்குப் பிறகு பம்பாய் அலுவலகங்களில் குமாஸ்தா, தட்டச்சர் வேலைக்கு ஆங்கிலம் படித்த தென்னிந்தியர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பாலக்காடு, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பார்ப்பனர்கள். வாரியம் போட்ட மாட்டுங்கா மனைகளில் எழுந்த அடுக்கு வீடுகளில் குடியேறினார்கள். கோயில் வந்தது, சங்கீத சபைகள் வந்தன, உடுப்பி ஓட்டல்கள் வந்தன. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது. பம்பாயில் தமிழன் என்றால் மாட்டுங்கா என்று பெயர் நிலைத்தது.

மாட்டுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. அங்கேயும் தமிழர்கள்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும் அங்கே தோல் பதனிடும் வேலை செய்தார்கள். நகரத்துக்குள் இருக்கக் கூடாது என்று தள்ளப்பட்ட தொழில், சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நடந்தது. தொழில் தள்ளப்பட்ட இடத்தில் தொழிலாளியும் தள்ளப்பட்டான். அந்தச் சேற்றை மேடாக்கி வீடு கட்டியது அவர்களுடைய உழைப்பு. தோழர் பா.ரஞ்சித்தின் 'காலா' படத்தில் நீங்கள் பார்த்தது இந்த மக்களைத்தான்.

ஒரே மொழி, ஒரே நகரம், நடந்தே போகக்கூடிய தூரம். ஆனால் ஊரும் சேரியும் ரயிலேறி வந்து, தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் இறங்கிக்கொண்டன. 1966க்குப் பிறகு சிவசேனை தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பியபோது இரண்டு பக்கத்தையும் ஒரே பெயரில் 'மதராசி' என்று திட்டியது. அடிப்பவன் ஒன்றாகப் பார்த்தான். சம்பந்தம் பேசும்போதும் வீடு கொடுக்கும்போதும் நம்மவர்கள் ஒன்றாகப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பம்பாயின் பழைய அடுக்கு வீடுகள் பலவற்றின் பின்புறத்தில் குறுகலான இரும்புப் படிக்கட்டு இருக்கும். கழிப்பறை சுத்தம் செய்ய வருகிற தொழிலாளி முன்வாசல் வழியாக, வீட்டுக்குள் கால் வைத்து நடந்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. நம் மக்கள் அந்தப் புறநகர்களில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறார்கள். பின்படி வழியாக ஏறி இறங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

ராஜகிருகம்

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பாபாசாகேப் முன்வாசல் வழியாகப் போனார்.

வக்கீல் தொழிலிலும் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியும் சம்பாதித்த பணம், அதற்கு மேல் கடன். இந்து காலனியில் மனை எடுத்து வீடு கட்டினார். 1933வாக்கில் வீடு முடிந்தது. வைத்த பெயர் ராஜகிருகம். புத்தர் நடந்த மகத நாட்டின் பழைய தலைநகரத்தின் பெயர். காலனியின் பெயர் இந்து, வீட்டின் பெயர் பௌத்தம். இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில் அறிவித்தபோது அவர் இந்து காலனியின் குடியிருப்பாளர்!

வீட்டை எதற்காகக் கட்டினார் என்பதை அந்த வீட்டின் அமைப்பே சொல்கிறது. குடும்பம் கீழ்த்தளத்தில். மேலே நூலகமும் அலுவலகமும். 50,000 என்று சொல்லப்படும் அவருடைய நூல்களுக்குச் சாலின் இரண்டு அறை போதவில்லை. அவருக்கு அமைதி தேவைப்பட்டது உண்மை. படிக்க, எழுத, வாதாடத் தேவைப்பட்ட அமைதி. 1936இல் 'சாதி ஒழிப்பு' நூல் வந்தது இந்த வீட்டில் அவர் வாழ்ந்த காலத்தில். சாதியால் பெயர் பெற்ற காலனியின் அமைதியைச் சாதியை உடைக்கும் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

பரேலை விட்டு எவ்வளவு தூரம் போனார் என்பதும் முக்கியம். பரேலிலிருந்து ஒரு தொழிலாளி நடந்தே வந்துவிடக்கூடிய தூரம்தான் ராஜகிருகம். அவருடைய இயக்க வேலைகளின் மையமாக இருந்த தாமோதர் அரங்கம் பரேலில் இருந்தது. 1936இல் அவர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் பலமும் ஆலைத் தொழிலாளர் வட்டாரத்தில்தான். வீடு மாறியது, வேலை மாறவில்லை. "போனால் சேரியை மறந்துவிடுவாய்" என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இடம் மாறுவதால் மறதி வராது. வருகிற பாதையை நாமே அடைத்துக்கொண்டால்தான் வரும்.

இந்த வரலாற்றில் வலியும் உண்டு. சாலில் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கிய அன்னை ரமாபாய், புது வீட்டில் நெடுநாள் வாழவில்லை. 1935 மே 27 அன்று ராஜகிருகத்தில் மறைந்தார். நல்ல வீடு என்பது நம் குடும்பங்களுக்கு எப்போதும் ஒரு தலைமுறை தாமதமாகத்தான் வருகிறது. அதனால்தான், இந்த விஷயத்தை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது.

சால்களில் இருந்தவர்கள்

பாபாசாகேப் போனதால் சால்கள் சாதாரண இடம் ஆகிவிடவில்லை. தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில்தான் அண்ணாபாவ் சாத்தே வாழ்ந்தார், எழுதினார், பாடினார். அரசு 1920களில் ஒர்லி, நாய்காவ் போன்ற இடங்களில் கட்டிய பி.டி.டி. சால்களிலிருந்து பிற்காலத்தில் ஒரு தலைமுறை எழுந்தது. 1972இல் தலித் பேந்தர்ஸ் பிறந்தது. 1974 ஜனவரி 5 அன்று ஒர்லி சால் பகுதியில் அவர்கள் நடத்திய கூட்டத்தை ஒட்டிக் கலவரம் வெடித்தது. ஜனவரி 10 அன்று நடந்த ஊர்வலத்தில் பகவத் ஜாதவ் என்ற இளைஞர் மேலிருந்து போடப்பட்ட கல்லால் கொல்லப்பட்டார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சால் என்றால் நம் ஆட்கள், பாதுகாப்பு. காலனி என்றால் அவர்கள், ஆபத்து என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. சாலிலும் அடி விழுந்தது. ராஜகிருகத்துக்கும் அடி விழுந்தது. 2020 ஜூலை 7 அன்று மாலை ராஜகிருகத்தின் பூந்தொட்டிகளையும் சன்னல் கண்ணாடிகளையும் கண்காணிப்புக் கேமராவையும் உடைத்தார்கள். பாபாசாகேப் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த வீடு சிலர் கண்ணை உறுத்துகிறது.

1956 டிசம்பர் 7 அன்று அதே வீட்டிலிருந்துதான் அவருடைய இறுதி ஊர்வலம் கிளம்பியது. லட்சக்கணக்கான மக்கள் தாதர் கடற்கரை வரை நடந்தார்கள். அந்த இடம்தான் இன்றைய சைத்யபூமி. ஒவ்வொரு டிசம்பர் 6ஆம் தேதியும் கிராமங்களிலிருந்து மக்கள் வந்து சிவாஜி பூங்காவில் தங்குகிறார்கள், புத்தகம் வாங்குகிறார்கள், வணங்கிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் அக்கம்பக்கத்தில் சிலர் கூட்டம், குப்பை, சத்தம் என்று முணுமுணுப்பதும் நடக்கிறது. 2010இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சிவாஜி பூங்காவை அமைதி மண்டலம் என்று அறிவித்தபோது விலக்குக் கொடுத்த நாட்களில் டிசம்பர் 6 இருந்தது. சட்டத்தின் அமைதிக்குள்ளேயே நமக்கு ஒரு நாள் கிடைத்தது என்றால், அது அந்த மக்கள் வருவதை ஓர் ஆண்டும் நிறுத்தாததால் கிடைத்தது.

இன்றைய நிலை

நகரத்துக்குப் போனால் சாதி கரைந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கிராமத்தைப் பற்றி அரசமைப்பு அவையில் பாபாசாகேப் சொன்ன கடுமையான வார்த்தைகள் நமக்குத் தெரியும். கிராமத்தை விட்டு வெளியேறுவது சரிதான். ஆனால் நகரம் தானாக நம்மை விடுவித்துவிடாது. இந்தியாவின் ஏழு பெருநகரங்களை எடுத்துக்கொண்டு திரினா விதயத்தில், காயத்ரி சிங் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, நகர வார்டுகளில் மக்கள் பொருளாதார நிலையால் பிரிந்து வாழ்வதைவிடச் சாதியால் பிரிந்து வாழ்வதே அதிகம் என்று காட்டியது. சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்டுப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் முஸ்லிம்களும் நேரடி மறுப்பையோ கூடுதல் நிபந்தனைகளையோ சந்திப்பதைக் காட்டியது. பணம் இருந்தும் கிடைக்காத வீடு என்பது நம் கற்பனை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை 19ஆம் பிரிவு தருகிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவைக் கட்டாயம் எடுத்துப் படியுங்கள். எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதற்கோ வாங்குவதற்கோ குடியிருப்பதற்கோ தீண்டாமையின் பெயரால் தடை போடுவது குற்றம் என்று அது சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை என்பதுதான் சிக்கல். "இப்பதான் ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்பார். "வெஜிடேரியனுக்குத்தான்" என்பார். அதனால் பேச்சை எழுத்தில் வாங்குவது முக்கியம். குறுஞ்செய்தியில் கேளுங்கள், பதிலை அழிக்காதீர்கள். மறுத்த வீட்டுக்கு வேறு பெயர் கொண்ட நண்பர் ஒருவரைவிட்டு அதே நாளில் கேட்கச் சொல்லுங்கள். தனியாகப் போராடாமல் ஓர் அமைப்பின் துணையோடு புகார் கொடுங்கள்.

எப்படி முடிவெடுப்பது?

ஒரு பகுதியைப் பார்க்கப் போகும்போது தண்ணீர், வாடகை, பஸ் எல்லாம் பாருங்கள். அவற்றோடு, இந்த வரலாறு கற்றுத்தரும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

முதல் கேள்வி: இங்கே நாம் நம் பெயரோடு வாழ முடியுமா? சுவரில் பாபாசாகேப் படம், சமையலறையில் மாட்டுக்கறி, குழந்தையின் பள்ளியில் சாதிச் சான்றிதழ், இவற்றில் எதை மறைத்தால்தான் இங்கே இருக்க முடியும் என்று யோசியுங்கள். மறைக்க வேண்டியது ஒன்று இருந்தாலும் அது பரோடா விடுதிதான். கூரை இருக்கும், பதினோராம் நாள் எப்போது என்று தெரியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சங்கத்தின் துணைவிதியைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி: நம் மக்கள் இங்கே வந்துபோக முடியுமா? ஊரிலிருந்து அம்மாவும் அத்தையும் வந்து ஒரு வாரம் தங்கினால் வாட்ச்மேன் எப்படி நடத்துவார்? ஏப்ரல் 14 அன்று வீட்டில் பத்துத் தோழர்கள் கூடினால் புகார் வருமா? வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பறை அடிக்க முடியுமா? நம்மை மட்டும் ஏற்றுக்கொண்டு நம் மக்களை வாசலில் நிறுத்துகிற இடம் நம்மை ஏற்றுக்கொண்ட இடம் ஆகாது.

மூன்றாவது கேள்வி: இந்த அமைதிக்கு விலை கொடுத்தது யார்? இது முன்பு யாருடைய நிலம்? இங்கே குப்பை அள்ளுகிறவர்களும் சாக்கடை எடுக்கிறவர்களும் வீட்டு வேலை செய்கிறவர்களும் எங்கே வாழ்கிறார்கள், லிஃப்டில் ஏற அவர்களுக்கு அனுமதி உண்டா? தரகர் சொல்லாத வரலாற்றை அவர்கள் சொல்வார்கள். குடியேறிய பிறகு நம் முதல் பழக்கமும் அவர்களோடுதான் இருக்க வேண்டும். பின்படிக்கட்டு இன்னும் ஏதோ ஒரு வடிவத்தில் அங்கே இருக்கும். முன்வாசலில் ஏறிய நாம் அதைப் பார்க்காததுபோல இருந்துவிடக் கூடாது.

மூன்று கேள்விக்கும் நல்ல பதில் வருகிற இடம் இன்று அரிதுதான். அதற்காக, நல்ல தண்ணீரும் நல்ல பள்ளியும் மரநிழலும் வேண்டாம் என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. அவை பொதுப் பணத்தில் உண்டானவை, நம் உழைப்பும் அதில் இருக்கிறது. முதல் கேள்விக்கு மட்டும் சமரசம் வேண்டாம். மற்ற இரண்டையும் நாம் குடியேறிய பிறகு மாற்ற முடியும். தனி ஒரு குடும்பமாகப் போவதைவிட, இரண்டு மூன்று குடும்பங்கள் பக்கம் பக்கமாகப் போனால் அது இன்னும் எளிது. சேரியிலேயே இருப்பது என்று முடிவெடுக்கும் தோழர்களும் குறைந்தவர்கள் கிடையாது. அங்கே நல்ல தண்ணீரையும் படிப்பகத்தையும் கொண்டுவரும் போராட்டம், இந்தப் போராட்டத்தின் மறுபாதி.

வீடு பார்க்கப் போகும் தம்பி தங்கைகளே, தரகர் கேட்கும் அந்தக் கடைசிக் கேள்விக்குத் தலை குனியாமல் பதில் சொல்லுங்கள். வீடு கிடைத்தால், புத்தக அலமாரிக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள். ஊரிலிருந்து படிக்க வருகிற அடுத்த பிள்ளைக்கு ஒரு பாய் விரிக்க இடம் விட்டுவையுங்கள்.

ஜெய் பீம்!